ஜிஹெச் சைலன்ட் இல்லைங்க, செத்துப்போன சத்தம்

லாஃப்டர்னா சிரிப்பு. அதே ஸ்பெல்லிங்குக்கு முன்னாடி ஒரே ஒரு எஸ் போட்டா ஸ்லாட்டர், அதாவது வெட்டிச் சாய்க்கிறது. சேத்தது ஒரு எழுத்து, அதுவும் முன்னாடி, ஆனா நடுவுல இருந்த ஃப் சத்தம் காணாமப் போயிருச்சு. ரெண்டு வார்த்தையிலயும் அந்த எடத்துல இருக்கறது ஜியும் ஹெச்சும்தான், ஒரு எடத்துல ஃப்னு பேசுது, இன்னொரு எடத்துல வாயே தொறக்கல.

நான் பள்ளிக்கூடத்துல டி-ஆர்-ஏ-யூ-ஜி-ஹெச்-டின்னு இருந்த வார்த்தைய சத்தமா "ட்ராட்"னு படிச்சு, மொத்த கிளாஸும் சிரிச்சு, அப்புறம் அது "ட்ராஃப்ட்"னு தெரிஞ்சு, ஏன் சார்னு கேட்டா "இங்கிலீஷ் அப்படித்தான், மனப்பாடம் பண்ணு"ன்னு பதில் வந்துச்சு. இன்னைக்கும் ஜிஹெச் பத்தி பேசுறவங்க முக்காவாசி பேரு இதையேதான் சொல்றாங்க, இங்கிலீஷ் ஒரு கிறுக்கு பாஷை, அதுல சைலன்ட் லெட்டர்னு சும்மா எழுத்த செருகி வச்சிருக்கான், லாஜிக்கே கெடையாதுன்னு. லாஜிக் இருக்கு. அது எழுத்துல இல்ல, அந்த எழுத்துக்குப் பின்னாடி இருந்த வாயில இருக்கு, அவ்ளோதான். அத புரிஞ்சுக்க இங்கிலீஷ விட நம்ம தமிழ்தான் நல்ல வாத்தியார், எப்படின்னு பாருங்க.

முதல்ல நம்ம வாய்ல நடக்கறத பாப்போம்

"போகிறேன்"னு எழுதுறோம். யாராவது அப்படிப் பேசுறோமா? "போறேன்"தான். நடுவுல இருந்த "கி" எங்க போச்சு? யாரும் திருடல, வேகமா பேசிப் பேசி தேஞ்சு போச்சு. எழுத்துல மட்டும் அப்படியே நிக்குது. தமிழ் புதுசா கத்துக்கற ஒரு வெளிநாட்டுக்காரர் "இதுல கி சைலன்ட்டா?"ன்னு கேட்டா நமக்கு சிரிப்பு வரும், ஆனா அவர் கேக்கறதுலயும் நியாயம் இருக்குல்ல.

இன்னொன்னு, "மகன்". இதுல வர்ற க, "கடல்"ல வர்ற க மாதிரி இருக்கான்னு ரெண்டையும் சத்தமா சொல்லிப் பாருங்க. கடல்ல நாக்கோட பின்பக்கம் மேல போயி முட்டி, காத்த ஒரு நொடி அடைச்சு, படக்குனு விடுது, இதுக்கு வெடிப்பொலின்னு பேரு. மகன்ல நாக்கு மேல முட்டறதே இல்ல, கிட்டப் போயிட்டு திரும்புது, அந்த சந்துல காத்து உரசிக்கிட்டு வெளிய வருது, இதுக்கு உரசொலின்னு பேரு. எழுத்து ஒன்னு, சத்தம் ரெண்டு, நமக்கு அது ரெண்டுன்னே தோணாது, ஏன்னா பொறந்ததுல இருந்து அப்படியே பேசுறோம். அந்த உரசல் இன்னும் கொஞ்சம் தளந்தா என்னாகும்? "மகன்" "மவன்" ஆயிரும். தொண்டைகிட்ட கெடந்த சத்தம் உதட்டுக்கு வந்து வ ஆயிருச்சு பாத்தீங்களா, இத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி இது ரொம்ப முக்கியம்.

மூணாவது ஒரு வேலையும் நம்ம வாய் பண்ணும். "செய்தி" "சேதி" ஆச்சு, "பகுதி" "பாதி" ஆச்சு, "மிகுதி" "மீதி" ஆச்சு. நடுவுல ஒரு சத்தம் கழண்டு விழுந்துச்சு, ஆனா அது இருந்த எடத்த சும்மா விடல, முன்னாடி நின்ன குறில் நெடிலா நீண்டு அந்த எடத்த அடைச்சிருச்சு. இதுக்குப் பேரு ஈடுகட்டும் நீட்டல்.

ஆக ஒரு தொண்டைச் சத்தத்துக்கு நம்ம பேச்சுல மூணு கதி: சும்மா மறைஞ்சு போகலாம், உதட்டுப் பக்கம் ஓடலாம், இல்ல போறப்ப பக்கத்து உயிரெழுத்த இழுத்து நீட்டிட்டுப் போகலாம். ஜிஹெச்சுக்கு இங்கிலீஷ்ல நடந்ததும் இதேதான்.

ஜிஹெச்சுக்கு ஒரிஜினலா என்ன சத்தம்?

ஆயிரம் வருஷம் முன்னாடி இங்கிலாந்துல பேசுன பழைய இங்கிலீஷ்ல ராத்திரிக்கு வார்த்தை என்-ஐ-ஹெச்-டி. அதுல ஜியே கெடையாது. அந்த ஹெச்ச அவங்க சைலன்ட்டா விடல, உள்ள காத்து உரச உச்சரிச்சாங்க. அத தமிழ்ல எழுதிக் காட்டணும்னா நமக்கு ரொம்ப தோதா ஒரு எழுத்து இருக்கு, ஆய்தம். "நிஃட்". (இங்க ஃ மட்டும் தனியா வந்தா அந்தத் தொண்டை உரசல், ஃப்னு சேந்து வந்தா உதடும் பல்லும் உரசுற சத்தம், கட்டுரை முழுக்க இப்படியே படிச்சுக்கோங்க.)

இதுல ஒரு வேடிக்கை, ஆய்தம் எங்க வரும்னு பள்ளிக்கூடத்துல படிச்சது ஞாபகம் இருக்கா, முன்னாடி ஒரு குறில், பின்னாடி ஒரு வல்லினம், நடுவுல ஃ. எஃகு, அஃது, இஃது. நிஃட் அப்படியே அந்த அச்சுல இருக்கு, குறில் நி, வல்லினம் ட், நடுவுல ஃ. ரெண்டு பாஷைக்கும் இதுல சம்பந்தம் எதுவும் இல்ல, தற்செயல்தான், ஆனா மனசுல பதிய வைக்க இத விட நல்ல வழி எனக்குத் தெரியல.

பழசுல அப்படித்தான் சொன்னாங்கன்னு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. இங்கிலீஷோட கூடப் பொறந்த பாஷைங்க இன்னும் அப்படித்தான் சொல்லுது. ஜெர்மன்ல ராத்திரி "நஃட்", வெளிச்சம் "லிஃட்", மக "டொஃடர்", எட்டு "அஃட்". இங்கிலீஷ்ல நைட், லைட், டாட்டர், எய்ட், நாலுலயும் ஜிஹெச் இருக்கு. ஜெர்மன்காரன் வாயில உரசுற அதே எடத்துல இங்கிலீஷ்காரன் ஸ்பெல்லிங்ல ஜிஹெச் நிக்குது. அவ்ளோ தூரம் போக வேணாம்னாலும் ஸ்காட்லாந்துக்குப் போனா போதும், அங்க ஸ்காட்ஸ் பேசுறவங்க இன்னைக்கும் நிஃட், டொஃடர்னு சொல்றாங்க. பூதம் இருக்குன்னு சொல்ற அந்த ஏரி இருக்கே, லாக் நெஸ், அதுல நாம "லாக்"னு சொல்ற எடத்துல அவங்க சொல்றது "லொஃ".

அப்ப ஜிஹெச்சுங்கறது ஒரு காலத்துல நெசமான ஒரு உரசொலி. சும்மா அலங்காரத்துக்கு வச்சது இல்ல.

ஹெச் இருந்த எடத்துல ஜி எப்படி வந்து ஒட்டிக்குச்சு

1066ல ஃப்ரான்ஸ்ல இருந்து வந்த நார்மன்காரங்க இங்கிலாந்த பிடிச்சாங்க. அதுக்கப்புறம் எழுத்து வேலை பாத்தவங்க நெறைய பேரு ஃப்ரெஞ்சு முறையில பழகுனவங்க. அவங்க பழக்கத்துல ஹெச்சுன்னா ஒன்னு லேசான காத்து, இல்ல ஒன்னுமே இல்ல, இந்த மாதிரி தொண்டைய கீறுற சத்தத்துக்கு அது பத்தாது. அதுனால சில பேரு யோக்னு ஒரு எழுத்த போட்டாங்க, பாக்க நம்பர் 3 மாதிரி இருக்கும், சில பேரு ஜியையும் ஹெச்சையும் ஜோடி சேத்தாங்க, கொஞ்ச காலம் ரெண்டும் ஓடுச்சு, கடைசியில ஜோடி ஜெயிச்சிருச்சு.

யோக் செத்த கதையில ஒரு மிச்சம் மட்டும் சொல்லிடுறேன். ஸ்காட்லாந்துல அச்சுக்காரங்க யோக் இருந்த எடத்துல, பாக்க ஒரே மாதிரி இருக்குன்னு இஸட்ட போட்டுட்டாங்க. அதுனால அங்க மென்ஸீஸ்னு இஸட் போட்டு எழுதுற குடும்பப் பேர பழைய முறையில "மிங்கிஸ்"னு சொல்றாங்க, இஸட் வாயிலயே வராது.

1476ல வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டர்ல அச்சுக்கூடம் போட்டாரு, இங்கிலாந்துல அதுதான் முதல். அச்சு வந்தா என்ன ஆகும், ஸ்பெல்லிங் மெல்ல மெல்ல உறைஞ்சு போகும். அந்த நேரம்தான் இந்த உரசல் சத்தம் தெற்கு இங்கிலாந்துல சாக ஆரம்பிச்ச நேரமும். பதினஞ்சாம் நூற்றாண்டுல ஆரம்பிச்சு பதினேழு முடியறதுக்குள்ள பெரும்பாலும் கத முடிஞ்சிருச்சு. சத்தம் போச்சு, அதுக்குள்ள எழுத்து உறைஞ்சிருச்சு. நாம போறேன்னு சொல்லிட்டு போகிறேன்னு எழுதுறோமே, அதே நெலமதான்.

செத்தது ஒரே மாதிரி சாகல

இங்கதான் விஷயமே இருக்கு.

*டிக்கு முன்னாடி நின்னப்போ.* நிஃட்ல ஃ தேஞ்சு விழுந்துச்சு, விழுறப்ப முன்னாடி இருந்த நி நீண்டு "நீட்" ஆச்சு, செய்தி சேதியான மாதிரியே. அப்புறம் இங்கிலீஷ்ல பொதுவா எல்லா நெடில் சத்தமும் எடம் மாறுன ஒரு பெரிய மாற்றம் நடந்துச்சு, அதுல "ஈ" எல்லாம் மெல்ல "ஐ" ஆச்சு, நீட் நைட் ஆயிருச்சு. நிஃட், நீட், நைட். லைட், ரைட், சைட், ஃபைட், மைட், பிரைட் எல்லாம் இதே ரோட்டுல வந்ததுதான்.

இதுனால ஒரு லாபம் நமக்கு. ஃபிட்னு ஒரு வார்த்தை, ஃபைட்னு ஒரு வார்த்தை, லிட்னு ஒன்னு, லைட்னு ஒன்னு. வித்தியாசம் நடுவுல ஜிஹெச் இருக்கறது மட்டும்தான். ஜிஹெச் வாயில வரல, ஆனா முன்னாடி இருக்கற ஐய "இ"ன்னு படிக்காத "ஐ"ன்னு படின்னு சொல்லிட்டு நிக்குது. வேலை வெட்டி இல்லாத எழுத்துன்னு எவன் சொன்னான்?

*வார்த்தை முடிவுல நின்னப்போ.* ரஃப், டஃப், காஃப், இனஃப். இதுல முன்னாடி வர்றது "உ", "ஒ" மாதிரி சத்தம். உ சொல்லிப் பாருங்க, உதடு குவியுது. உதடு குவிஞ்சிருக்கப்பவே தொண்டையில உரசுங்க. வெளிய வர்ற காத்து சத்தம் குவிஞ்ச உதடு வழியா வர்றதால, கேக்கறவங்களுக்கு அது தொண்டையில உரசுதா உதட்டுல உரசுதான்னு சரியா பிரிச்சுத் தெரியாது. பேசப் பழகற புள்ளைங்க அப்பா அம்மா சொன்னத ஃப்னு கேட்டு ஃப்னே திருப்பிச் சொல்லுச்சுங்க, ஒரு தலைமுறை ரெண்டு தலைமுறையில அதுவே சரியாயிருச்சு. தொண்டையில இருந்து உதட்டுக்கு ஓடுறது, மகன் மவன் ஆன அதே பாதை. அங்க வ, இங்க ஃப்.

(இந்த எடத்துல எனக்கு எப்பவும் ஒரு சின்ன சிரிப்பு வரும், தமிழ்லயும் ஆய்தத்த ஒரு ப பக்கத்துல வச்சு ஃப்னுதானே படிக்கிறோம். தொண்டைக்குன்னு இருந்த எழுத்து இங்கயும் உதட்டுக்கு வந்து சேந்திருச்சு. காரணம் வேற, ஆனா முடிவு ஒன்னுதான்.)

ட்வார்ஃப்னு ஒரு வார்த்தை இருக்கே, குள்ளன்னு அர்த்தம், அதுவும் பழசுல தொண்டை உரசல்ல முடிஞ்ச வார்த்தைதான். சத்தம் ஃப் ஆனதும் ஸ்பெல்லிங்கையும் எஃப்னு மாத்திட்டாங்க. அதுக்கு மட்டும் அதிர்ஷ்டம் அடிச்சுது, ரஃபுக்கும் காஃபுக்கும் அடிக்கல.

*ரெண்டு உயிருக்கு நடுவுல நின்னப்போ.* இது பல பேரு சொல்லாம விடுற பாயிண்ட். பழைய இங்கிலீஷ்ல வார்த்தைக்குப் பின்னாடி தமிழ் மாதிரியே விகுதிங்க ஒட்டும், பன்மைக்கு ஒன்னு, வேற்றுமைக்கு ஒன்னு. விகுதி ஒட்டலன்னா உரசல் வார்த்தை முடிவுல நிக்கும், அழுத்தமா இருக்கும், ஃப் ஆகும். விகுதி ஒட்டுனா உரசல் ரெண்டு உயிருக்கு நடுவுல மாட்டிக்கும், தளரும், வ மாதிரி ஆகி கரைஞ்சிரும். ஒரே வார்த்தைக்கு ரெண்டு உச்சரிப்பு ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதுல ஒவ்வொரு வார்த்தையும் ஒவ்வொரு பக்கம் சாஞ்சிருச்சு. "போதும்"ங்கற இனஃப் அழுத்தமான பக்கம் சாஞ்சுது, அதோட பன்மை ரூபம் "இனௌ"ன்னு கொஞ்ச காலம் தனியா ஓடிட்டு வழக்கொழிஞ்சு போச்சு. ஏர் உழுற ப்ளௌ, மரக்கெளைங்கற பௌ ரெண்டும் தளந்த பக்கம் சாஞ்சுது. பிசைஞ்ச மாவுங்கற "டோ"வுக்கு இன்னும் வேடிக்கை, பொதுப் பேச்சுல அது டோ, ஆனா வட இங்கிலாந்துப் பேச்சுல அதே வார்த்தை "டஃப்" ஆகி, டி-யூ-எஃப்-எஃப்னு தனி ஸ்பெல்லிங்கோட டிக்‌ஷனரியிலயே ஒக்காந்திருக்கு.

சுருக்கமா சொன்னா, டிக்கு முன்னாடி விழுந்தது, வார்த்தை முடிவுல பல எடத்துல ஃப் ஆனது, நடுவுல மாட்டுனது கரைஞ்சது. லாஃப்டர்ல டிக்கு முன்னாடி ஏன் ஃப்னா, அது லாஃபோட புள்ள. லாஃப் எப்படிச் சொல்றோமோ அப்படியே அதுவும். ஸ்லாட்டருக்கு அந்த மாதிரி ஃப்னு சொல்ற சொந்தக்காரன் யாரும் இல்ல, அதுனால மத்ததுங்க மாதிரி அமைதியாயிருச்சு.

ஓ-யூ-ஜி-ஹெச் கூட்டம்

எல்லாரும் ஜிஹெச்ச திட்டுறது முக்கியமா இந்த நாலு எழுத்துக் கூட்டத்தாலதான். தோ ("இருந்தாலும்"), த்ரூ ("வழியா"), டஃப், காஃப், பௌ, தாட் ("நெனப்பு"). ஆறும் ஒரே நாலெழுத்து, ஆறும் வேற வேற சத்தம். இது போதாதுன்னு தரோன்னு ஒன்னு, "முழுசா, ஒன்னு விடாம"ன்னு அர்த்தம். பிரிட்டிஷ்காரங்க அத "தரா"ன்னு முடிப்பாங்க, அமெரிக்காக்காரங்க "தரோ"ன்னு முடிப்பாங்க. த்ரூவும் தரோவும் ஆதியில ஒரே வார்த்தைதான், அழுத்தாம சொன்னது ஒன்னு அழுத்திச் சொன்னது ஒன்னுன்னு பிரிஞ்சு தனித்தனி அர்த்தம் எடுத்துக்கிச்சு. ஸ்பெல்லிங்ல பாருங்க, தரோல டிஹெச்சுக்கும் ஆருக்கும் நடுவுல ஒரு ஓ அதிகமா நிக்கும்.

இந்தக் கூட்டத்துல மொத்த குழப்பத்துக்கும் காரணம் ஜிஹெச் மட்டும் இல்லங்கறத யாரும் கவனிக்கறதில்ல. ஓ-யூ ரெண்டும் சேந்து என்ன சத்தம்ங்கறதுலயே இங்கிலீஷ்ல ஒரு ஒழுங்கு கெடையாது. ஜிஹெச் இல்லாமயே யூ ("நீ"), அவுட் ("வெளிய"), கன்ட்ரி ("நாடு"), சோல் ("ஆத்மா") நாலும் ஓ-யூ வச்சுத்தான் எழுதுறாங்க, நாலும் நாலு சத்தம். பாவம் ஜிஹெச் பக்கத்துல நின்ன பாவத்துக்கு அடி வாங்குது.

இதுல ஒன்னுதான் சுத்தமா தப்பு, ஹிக்கப். விக்கலுக்கு ஹிக்கப்னு சத்தத்துக்கு ஏத்த மாதிரி ஸ்பெல்லிங் இருக்கறப்பவே, விக்கலும் இருமல் வகைதானேன்னு நெனச்சு காஃப கொண்டுவந்து அதுக்குப் பின்னாடி ஒட்டி இன்னொரு ஸ்பெல்லிங் கிளப்பிட்டாங்க. படிக்கறப்ப அதையும் "ஹிக்கப்"னுதான் படிக்கணும். அதாவது ஜிஹெச்சுக்கு ப் சத்தம். இதுக்கு பழைய தொண்டை, உரசல் எதுவும் காரணமில்ல, சும்மா யூகம் பண்ணி எழுதுனது.

முன்னாடி நிக்குற ஜிஹெச் வேற ஆளு

இதுவரைக்கும் பாத்தது எல்லாம் வார்த்தை நடுவுலயும் முடிவுலயும் வர்றது. வார்த்தை ஆரம்பத்துல ஜிஹெச் வந்தா அது நேரா க சத்தம்தான், இழுக்காத உருட்டாத. கோஸ்ட், அதாவது பேய். பழைய இங்கிலீஷ்ல இதுல ஹெச் கெடையாது. காக்ஸ்டன் பல வருஷம், இப்ப பெல்ஜியத்துல இருக்கற ப்ரூஜ் நகரத்துல இருந்தவரு, அச்சு வேலைக்குன்னு அவரு கூட வந்தவங்களும் அந்தப் பக்கத்து ஆளுங்க, அவங்க ஃப்ளெமிஷ் பாஷையில பேய்க்கு ஜிஹெச் போட்டு எழுதுற பழக்கம், அது கை வழியா இங்கிலீஷுக்கும் வந்துருச்சுங்கறதுதான் பரவலா சொல்ற விளக்கம். அந்தக் காலத்து அச்சுல வாத்து, ஆடு இதுக்கெல்லாம் கூட ஹெச் சேத்துப் பாத்திருக்காங்க, அதெல்லாம் நிக்கல, பேய் மட்டும் விடாம பிடிச்சுக்கிச்சு.

இத்தாலியன்ல இருந்து வந்தது இன்னொரு வகை. அந்த பாஷையில ஜிக்குப் பின்னாடி ஈயோ ஐயோ வந்தா "ஜ" சத்தம் ஆயிரும், க வேணும்னா நடுவுல ஒரு ஹெச் காவலுக்கு நிக்கணும். கெட்டோ, ஸ்பகெட்டி ரெண்டுலயும் ஹெச் பண்றது அந்தக் காவல் வேலைதான். அப்புறம் அரபில இருந்து வந்த கூல், அதாவது பொணந்தின்னிப் பேய். இதுல ஜிஹெச் உக்காந்திருக்கறது நெசமாவே ஒரு தொண்டை உரசலுக்குத்தான், ஆனா இங்கிலீஷ் வாய் அத வெறும் கவா ஆக்கிருச்சு.

அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் நகரத்துக்கு கடைசியில ஜிஹெச், அங்க க சத்தம். ஸ்காட்லாந்துல எடின்பராவுக்கும் கடைசியில அதே ஜிஹெச், அங்க அது வாயிலயே வராது, "ரா"ன்னு முடியும். பிட்ஸ்பர்க்ல இருந்த ஹெச்ச அமெரிக்க அரசாங்கத்துல ஊர்ப் பேரு தீர்மானிக்கற போர்டு எடுத்துப் பாத்துச்சு, ஊர்க்காரங்க விடல, 1911ல திருப்பி வாங்கிட்டாங்க.

ஆன்லைன்ல அடிக்கடி சுத்துற ஒரு ஜோக்குக்கு பதில் இங்க கெடைக்கும். ஜி-ஹெச்-ஓ-டி-ஐன்னு எழுதி அத "ஃபிஷ்"னு படிக்கலாம், ஏன்னா டஃப்ல ஜிஹெச் ஃப், விமன்ல ஓ இ, நேஷன்ல டிஐ ஷ்னு சொல்லுவாங்க. பெர்னார்ட் ஷா சொன்னதா பேரு, ஆனா அவரு பொறந்தது 1856ல, இந்த ஜோக் 1855லயே ஒருத்தர் எழுதுன லெட்டர்ல இருக்கு. ஜோக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா விதிப்படி தப்பு. ஜிஹெச் வார்த்தை ஆரம்பத்துல என்னைக்குமே ஃப் ஆகாது, ஏன்னா ஃப் ஆகறதுக்கு முன்னாடி உதட்ட குவிக்கற ஒரு உயிர் வேணும், ஆரம்பத்துல அது எங்க இருந்து வரும்? டிஐயும் கடைசியில தனியா நின்னா ஷ் ஆகாது. ஒழுங்கா படிச்சா அது "கோட்டி"தான். சில ஊர்ப் பேச்சுல கோட்டின்னா பைத்தியம்னு அர்த்தம், பொருத்தமாத்தான் இருக்கு.

ஜிஹெச் இல்லாத வீட்டுக்குள்ள பூந்த ஜிஹெச்

டிலைட்னா பேரானந்தம். இதுல ஜிஹெச் இருக்கு, ஆனா இருக்கவே கூடாது. இது ஃப்ரெஞ்சுல இருந்து வந்த வார்த்தை, அதுல தொண்டை உரசல் எந்தக் காலத்துலயும் கெடையாது. லைட்டுக்கு ஜிஹெச் இருக்கே, சத்தமும் ஒரே மாதிரி இருக்கே, இதுக்கும் போட்டுருவோம்னு பதினாறாம் நூற்றாண்டுல போட்டுட்டாங்க. திமிர் பிடிச்சங்கற அர்த்தத்துல வர்ற ஹாட்டியும் அப்படித்தான், ஃப்ரெஞ்சுல "உயரம்"ங்கற வார்த்தையில இருந்து வந்துச்சு, நாட்டி, டாட்டர் கூட்டத்த பாத்து ஜிஹெச் மாட்டிக்கிச்சு.

இத நான் ஏன் சொல்றேன்னா, டிலைட்டுக்கு ஜிஹெச் போட்டவங்க தொண்டையில எதையும் உரசல. அவங்களுக்கு ஜிஹெச்சுன்னா அப்பவே "இந்த ஐய நீட்டிப் படி"ங்கற அடையாளம். சத்தம் போன கொஞ்ச நாள்லயே எழுத்து வேற வேலைக்குச் சேந்திருச்சுங்கறதுக்கு இத விட நல்ல சாட்சி இல்ல.

சரி, எழுதறப்பவும் படிக்கறப்பவும் எப்படி சமாளிக்கறது

ஃப் சத்தம் வர்ற ஜிஹெச் அன்றாடம் கண்ணுல படறது ஏழுதான்: லாஃப், காஃப், ரஃப், டஃப், இனஃப், மாட்டுத் தொட்டிங்கற ட்ராஃப், ஜன்னல் இடுக்குல வர்ற காத்துங்கற ட்ராஃப்ட். இதுங்களோட புள்ளைங்க (லாஃப்டர், ரஃப்லி, டஃபன்) தனிக் கணக்கு இல்ல. இந்த ஏழையும் பிடிச்சுட்டா நடுவுலயும் முடிவுலயும் வர்ற மிச்சத்த எல்லாம் அமைதின்னு வச்சுக்கலாம், ஹிக்கப், ஸ்பகெட்டி மாதிரி கடன் வார்த்தை, ரொம்ப அரிதா வர்ற சில பறவைப் பேரு, ஊர்ப் பேரு தவிர.

ஜிஹெச்சுக்கு அடுத்து டி வந்தா அமைதி. விதிவிலக்கு ரெண்டு, லாஃப்டரும் ட்ராஃப்டும். ட்ராஃப்ட் ஸ்பெல்லிங்ல நான் மாட்டுனேன்ல, அது இந்த விதிவிலக்கு, வாத்தியார் அத சொல்லியிருந்தா போதும்.

முன்னாடி தனி ஐ இருந்தா ஐ சத்தம், கண்ண மூடிட்டு நம்பலாம். ஈ-ஐ இருந்தா "எய்": எய்ட், வெய்ட், நெய்பர். இதுல ஹைட் ("உயரம்") மட்டும் பெரிய முரண்டு, பாக்க வெய்ட் மாதிரி, படிக்கறது ஹைட். "ஹெய்ட்"னு சொல்றவங்க நம்மள்ல நெறைய பேரு இருக்கோம், தப்பு ஸ்பெல்லிங் மேல, நம்ம மேல இல்ல. எழுதறப்ப ஈ முன்ன வருமா ஐ முன்ன வருமான்னு கொழம்பாதீங்க, ஜிஹெச்சுக்கு முன்னாடி எப்பவும் ஈ முதல்ல, ஐ அப்புறம்.

ஓ-யூ-ஜி-ஹெச்-டின்னு முடிஞ்சா "ஆட்": பாட், தாட், பிராட், ஃபாட். இதுல ட்ரௌட் ("வறட்சி") மட்டும் தனி. பாட்டா பிராட்டான்னு கொழப்பம் வந்தா, பைல ("வாங்கு") ஆர் இல்ல, அதுனால பாட்லயும் இல்ல. பிரிங்ல ("கொண்டுவா") ஆர் இருக்கு, அதுனால பிராட்லயும் இருக்கு.

இன்னொன்னு, டாக்ஹவுஸ் மாதிரி வார்த்தையில ஜியும் ஹெச்சும் பக்கத்துல நிக்கும், ஆனா ஜோடி இல்ல, ரெண்டு வார்த்தை ஒட்டுனதால வந்த அக்கம் பக்கம். ரெண்டையும் தனித்தனியா சொல்லணும்.

மாத்தி எழுதலாமேன்னு பாக்காம இல்ல

1906ல அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், 300 வார்த்தைக்கு எளிய ஸ்பெல்லிங் போடச் சொல்லி அரசாங்க அச்சகத்துக்கு உத்தரவு போட்டாரு. த்ரூவ டி-ஹெச்-ஆர்-யூன்னும் தோவ டி-ஹெச்-ஓன்னும் எழுதறது அந்த லிஸ்ட்ல உண்டு. பத்திரிகைங்க கிண்டல் பண்ணி, அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் எதிர்த்து, அந்த வருஷம் முடியறதுக்குள்ள பின்வாங்கிட்டாரு. சிகாகோ ட்ரிப்யூன் பேப்பர் 1934ல இதே வேலைய தானா ஆரம்பிச்சு, நாப்பது வருஷம் விடாப்பிடியா ஓட்டி, 1975ல கைவிட்டுச்சு. ஜெயிச்சது சிலதுதான், அமெரிக்காவுல ப்ளௌவுக்கும் ட்ராஃப்டுக்கும் ஜிஹெச் போயிருச்சு, டோனட்டுக்கு பாதி போயிருச்சு. ஆனா நைட்ட யாரும் அசைக்க முடியல, ஏன்னு இப்ப உங்களுக்கே தெரியும், அங்க ஜிஹெச் வேலை பாக்குது.

இந்த மொத்தக் கதையையும் ஒரே பேர்ல பாக்கணும்னா வின்சென்ட் வான் கோ பேர எடுத்துக்கோங்க. டச்சுக்காரங்க அந்தக் கடைசி வார்த்தைய சொல்றப்ப முன்னாடியும் பின்னாடியும் தொண்டை நல்லா உரசும். இங்கிலீஷ் வாயில அந்த உரசல் செத்து எத்தனையோ தலைமுறை ஆயிருச்சு, திடீர்னு ஒரு ஓவியன் பேர்ல அது திரும்பி வந்து நிக்குது, என்ன பண்றது? பிரிட்டன்ல பல பேரு அத "காஃப்"னு ஃப்ல முடிச்சாங்க. அமெரிக்காவுல "கோ"ன்னு அப்படியே விட்டுட்டாங்க. ரஃப்க்கு ஒன்னு, டோவுக்கு ஒன்னுன்னு அஞ்சு நூறு வருஷம் முன்னாடி இருந்த அதே ரெண்டு வழி.